37 என்ற எண் 44 ஆனபோது: ஓர் அடர்த்தி வரைபடம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் துறைக் கருத்தரங்குக்குப் போஸ்டர் தயாரித்துக்கொண்டிருந்தார். காற்று மாசு அளவுகள் மாதத்துக்கு மாதம் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பதை ஒரே பார்வையில் காட்டும் வரைமுறைதான் பொருள். அடர்த்தி வரைபடம் என்று பெயர்; எந்த அளவுகள் அதிகம் வருகின்றனவோ அங்கே உயர்ந்து நிற்கும் வளைகோடு அது. அவருடைய சொந்த அளவீடுகள் முழுதாகக் கைக்கு வரவில்லை. அதனால் புள்ளியியலுக்கான நிரல் மொழியான ஆர் மொழியோடு கூடவே வரும் ஏர்குவாலிட்டி தரவுத்தொகுப்பை எடுத்துக்கொண்டார். வழிகாட்டிப் பேராசிரியை அதற்கு ஒப்புதல் தந்திருந்தார். கணினி ஆய்வகத்தில் ஆர் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அந்த வகையில் நானும் இதில் சேர்ந்தேன்.

தரவைப் பற்றிச் சில வார்த்தைகள். நியூயார்க் நகரில் 1973 மே 1 முதல் செப்டம்பர் 30 வரை 153 நாட்களின் பதிவு அது. ஓசோன் அளவு ரூஸ்வெல்ட் தீவில் பிற்பகல் 1 மணியிலிருந்து 3 மணி வரையிலான சராசரி. அலகு பிபிபி, அதாவது நூறு கோடிப் பங்கில் எத்தனை பங்கு என்பது. 153 நாட்களில் 37 நாட்களுக்கு ஓசோன் அளவு பதிவாகவில்லை. மிச்சம் 116 நாட்கள். அவற்றில் மிகக் குறைந்த அளவு 1, மிக அதிகம் 168.

முதல் வரைவு

முதல் நாள் அவர் ஆர் மொழியின் அடிப்படை டென்சிட்டி கட்டளையைக் கொடுத்தார். விடுபட்ட மதிப்புகள் இருக்கின்றன என்று சொல்லி அது நின்றுவிட்டது. விடுபட்டவற்றை ஒதுக்கும் தேர்வைச் சேர்த்ததும் படம் வந்தது. ஆனால் வளைகோடு ஏறக்குறைய மைனஸ் 33-இல் தொடங்கியது. காற்றில் ஓசோன் எப்படி மைனஸில் இருக்கும் என்று அவரே கேட்டார். சரியான கேள்வி.

காரணம் இந்த முறையின் அடிப்படையிலேயே இருக்கிறது. 1956-இல் ரோசன்பிளாட்டும் 1962-இல் பார்சனும் எழுதிய கட்டுரைகளிலிருந்து வளர்ந்த முறை இது. ஒவ்வொரு மதிப்பின் மேலும் ஒரு சிறு மணி வடிவக் குவியலை வைத்து, எல்லாக் குவியல்களையும் கூட்டினால் வருவதுதான் வளைகோடு. குவியல் எவ்வளவு அகலம் என்பதைப் பட்டை அகலம் தீர்மானிக்கிறது. இந்த 116 மதிப்புகளுக்கு ஆர் தானாக எடுத்துக்கொண்ட பட்டை அகலம் சுமார் 11.5. ஓரத்து மதிப்பைத் தாண்டி மூன்று பட்டை அகலம் வரை கோட்டை இழுப்பது அந்தக் கட்டளையின் இயல்பு. 1-இலிருந்து 34 போல இடப்பக்கம் போனால் மைனஸ் 33 வந்துவிடும். பிழை ஒன்றுமில்லை. பூஜ்யத்துக்குக் கீழே ஓசோன் கிடையாது என்பது அந்தக் கட்டளைக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மாதவாரியாகப் பிரித்து வரைய வேண்டியிருந்ததால் அன்றே ஆர் மொழிக்கான வரைபடத் தொகுப்பான ஜிஜிபிளாட்2-க்கு மாறினோம். மாத எண்ணை வகைப் பெயராக மாற்றாமல் நிறத்துக்குக் கொடுத்ததால் முதலில் ஒரே ஒரு கோடுதான் வந்தது. ஃபேக்டராக மாற்றியதும் ஐந்து கோடுகளும் வந்தன. ஜிஜிபிளாட்2 தரவின் வீச்சுக்குள்ளேயே கோட்டை நிறுத்திவிடுவதால் மைனஸ் பகுதியும் கண்ணில் படவில்லை. அந்தச் சிக்கல் தீர்ந்தது என்று இருவருமே நினைத்தோம். உண்மையில் பூஜ்யத்துக்குக் கீழே வழிந்த பகுதி பார்வையிலிருந்து வெட்டப்பட்டிருந்தது. அதை உள்ளே சேர்க்கவில்லை.

படம் வரும்போதெல்லாம் கீழே சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது: 37 வரிசைகள் நீக்கப்பட்டன. அவர் பதறிப்போய்க் கேட்டார். "அது ஓசோன் பதிவாகாத 37 நாள்தாம்மா. அதைக் கண்டுக்க வேண்டாம்" என்றேன். அந்த நேரத்துக்கு அது சரியான பதில். பின்னால் நடந்ததற்கு அந்தப் பதில்தான் வழி விட்டது.

அழகுபடுத்திய மூன்று நாட்கள்

அடுத்த மூன்று நாட்கள் படத்தைச் செம்மைப்படுத்துவதில் போயின. நிரப்பு நிறத்தின் ஒளிபுகும் அளவை மாற்றினார், பின்னணிக் கட்டங்களை அகற்றினார், எழுத்தைப் பெரிதாக்கினார். பச்சையும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததால் நிறக்குறைபாடு உள்ளவர்களுக்குச் சிரமம் என்று சொல்லி, ஆர் மொழியிலேயே இருக்கும் ஒகாபே-இட்டோ நிறத்தொகுதியைக் காட்டினேன். ஒவ்வொரு மாதத்தின் சராசரியையும் தனி அட்டவணையாகக் கணக்கிட்டு, செங்குத்துக் கோடுகளாகப் போட்டார். மே 23.6, ஜூன் 29.4, ஜூலை 59.1, ஆகஸ்ட் 60.0, செப்டம்பர் 31.4.

நெருக்கம் எல்லாம் இடப்பக்கத்தில் இருந்தது. வலப்பக்கம் 100-க்கு மேல் நீண்ட வால் மட்டும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. போஸ்டரில் இடம் போதவில்லை. எனவே கிடை அச்சை 0 முதல் 100 வரை என்று சுருக்க எக்ஸ்லிம் என்ற ஒரு வரியைச் சேர்த்தார். படம் சட்டென்று தெளிவானது. ஆகஸ்ட் மாதத்துக்கு இரண்டு மேடுகள் எழுந்தன. ஒன்று 35 அருகில், இன்னொன்று 73 அருகில்.

படத்தை என்னிடம் காட்டினார். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் அதை அடிப்படையாக வைத்துக் கருத்தரங்குச் சுருக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதினார்: ஆகஸ்டில் மாசு குறைந்த நாட்கள், மாசு மிகுந்த நாட்கள் என்று இரு வகை நாட்கள் தெளிவாகப் பிரிகின்றன. சுருக்கம் அனுப்பப்பட்டுவிட்டது. நிரல் கோப்பு ஆய்வகத்தின் வாட்ஸ்அப் குழுவில் இளையவர்களுக்கும் பகிரப்பட்டது.

பேராசிரியையின் கேள்வி

போஸ்டர் அச்சுக்குப் போக இரண்டு நாள் இருந்தது. படத்தை அச்செடுத்துப் பேராசிரியையிடம் கொண்டுபோனோம். அவர் ஆர் மொழி அறியாதவர். ஆனால் பல ஆண்டுகளாகக் காற்று மாதிரி எடுத்தவர். படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு ஆகஸ்டின் சராசரிக் கோட்டில் விரலை வைத்தார். அது இரண்டு மேடுகளுக்கும் நடுவே, பள்ளத்தை ஒட்டி நின்றது.

"இது என்னம்மா இங்க நிக்குது?"

"ரெண்டு வகை நாள் இருக்கறதால சராசரி நடுவுல வருது மேடம்."

"சரி. 35-க்கும் 73-க்கும் நடு எது? 54. இடது மேடுதான் பெருசா இருக்கு. அப்போ சராசரி 54-க்கும் கீழதானே வரணும்? 60 எப்படி வந்துச்சு?"

இருவரும் வாயடைத்துப் போனோம். மாணவி சராசரி அட்டவணையைத் திரும்பக் கணக்கிட்டார். 59.96 என்றே வந்தது. அப்படியானால் கோடு சரி, வளைகோடுதான் தவறு. தராசுத் தட்டைப் பார்ப்பது போல வடிவத்தை எடை போட்டுப் பார்த்த அந்த ஒரு கேள்வி இல்லையென்றால் போஸ்டர் அப்படியே அச்சேறியிருக்கும்.

என்ன நடந்திருந்தது

ஆய்வகத்துக்குத் திரும்பி நிரலை ஒவ்வொரு வரியாக ஓட்டினோம். எக்ஸ்லிம் வரி இருக்கும்போது வந்த எச்சரிக்கையை அப்போதுதான் முழுதாகப் படித்தோம். நீக்கப்பட்ட வரிசைகள் 44. அந்த வரியை எடுத்துவிட்டால் 37.

அந்த ஏழு நாட்களைத் தேடி எடுத்தோம். மே 30-இல் 115. ஜூலை 1-இல் 135, ஜூலை 25-இல் 108. ஆகஸ்டில் நான்கு நாட்கள்: 122, 110, 168, 118. ஐந்து மாதங்களில் ஓசோன் 100-ஐத் தாண்டிய நாட்கள் மொத்தமே இவைதான். மாசு பற்றிய போஸ்டரிலிருந்து மாசு மிகுந்த நாட்கள் அத்தனையும் போய்விட்டிருந்தன. இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

எக்ஸ்லிம் படத்தின் சட்டத்தைச் சுருக்குவதாகத்தான் தோன்றும். ஆனால் ஜிஜிபிளாட்2-இல் அது அளவுகோலின் எல்லையை மாற்றுகிறது. எல்லைக்கு வெளியே விழும் மதிப்புகள் கணக்கீடு தொடங்கும் முன்பே விடுபட்டவையாக ஆக்கப்படுகின்றன. மிச்சமிருப்பதை வைத்து வளைகோடு புதிதாகக் கணக்கிடப்படுகிறது. அந்தக் கோடு 100-இல் சுவரில் முட்டியது போல நின்றுவிடுவதால், அதற்கு அப்பாலும் அது தொடர்வதாகவே கண் நம்பிவிடும். பார்வையை மட்டும் நெருக்கிக் காட்ட வேண்டுமானால் கோஆர்ட்_கார்ட்டீசியன் என்ற கட்டளைக்குள் எல்லையைக் கொடுக்க வேண்டும். அது எல்லாவற்றையும் கணக்கிட்டு முடித்த பிறகே படத்தை வெட்டுகிறது.

சராசரி அட்டவணை தனியாக, முழுத் தரவிலிருந்து கணக்கிடப்பட்டிருந்தது. வளைகோடோ வெட்டிய தரவிலிருந்து வந்தது. ஒரே படத்தில் இரண்டு ஆகஸ்டுகள் இருந்தன. வெட்டிய ஆகஸ்டின் சராசரியைக் கணக்கிட்டுப் பார்த்தோம்: 47.3. வெட்டிய ஜூலைக்கு 53.9. முழுத் தரவில் ஆகஸ்ட் ஜூலையைவிட ஒரு முடி மேலே. வெட்டிய தரவில் ஜூலைதான் மேலே, அதுவும் தெளிவான வித்தியாசத்தில்.

இரண்டாவது மேடு எங்கிருந்து வந்தது

இந்தப் பகுதிதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. வலப்பக்கத்தில் நான்கு மதிப்புகளை வெட்டினால் இடப்பக்கத்தில் ஏன் புதிய பள்ளம் விழ வேண்டும்? 100-க்கு மேல் இருந்த மதிப்புகளுக்கும் 55 அருகில் இருக்கும் பள்ளத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லையே.

விடை பட்டை அகலத்தில் இருந்தது. ஆர் தானாக எடுக்கும் பட்டை அகலம், சில்வர்மன் 1986-இல் எழுதிய தோராய விதியிலிருந்து வருவது. திட்ட விலக்கத்தையும் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது), கால்மான இடைவெளியை (நடுவில் உள்ள பாதி மதிப்புகளின் வீச்சு) 1.34-ஆல் வகுத்து வரும் எண்ணையும் ஒப்பிட்டு, எது சிறியதோ அதை 0.9-ஆல் பெருக்க வேண்டும். பிறகு மதிப்புகளின் எண்ணிக்கையின் ஐந்தாம் மூலத்தால் வகுக்க வேண்டும். அதாவது தரவு எவ்வளவு பரந்து கிடக்கிறதோ அவ்வளவு அகலமான குவியல். ஜிஜிபிளாட்2 இதை ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாகச் செய்கிறது.

முழு ஆகஸ்டின் 26 மதிப்புகளுக்குப் பட்டை அகலம் சுமார் 18.6. 168 போன்ற தொலைதூர மதிப்புகள் பரவலை ஏற்றிவிடுவதால் இவ்வளவு அகலம். நான்கையும் வெட்டியதும் பரவல் சுருங்கியது, பட்டை அகலம் 12.7-க்கு இறங்கியது. குவியல்கள் ஒல்லியாயின. ஒல்லியானதும் 59-க்குக் கீழே இருந்த கூட்டமும் மேலே இருந்த கூட்டமும் பிரிந்து தெரிந்தன. உறுதிப்படுத்த, முழுத் தரவையும் வைத்துக்கொண்டு பட்டை அகலத்தைப் பெருக்கும் அட்ஜஸ்ட் என்ற தேர்வை மட்டும் 0.68 ஆக்கினோம். இரண்டு மேடுகளும் திரும்பி வந்தன. 1 ஆக்கினால் வலப்பக்கம் நீண்டு சரியும் ஒரே மேடு.

எனவே இரு வகை நாட்கள் என்ற வாக்கியம் பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. 26 நாட்களை வைத்து, பட்டை அகலத்தைக் கொஞ்சம் திருகினால் வந்துபோகும் ஒரு மேட்டை ஒரு மாதத்தின் இயல்பு என்று எழுதுவதற்கு நமக்கு ஆதாரம் இல்லை. மாணவிக்கு இது ஏமாற்றமாக இருந்தது. அந்த வாக்கியம் அவர் தானாகக் கண்டுபிடித்ததாக நினைத்த ஒன்று. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சுருக்கத்தைத் திருத்தி அனுப்பறேண்ணா" என்றார்.

எடுத்த முடிவுகள்

வலப்பக்கத்தை வெட்டுவதில்லை என்பது முதல் முடிவு. கோஆர்ட்_கார்ட்டீசியன் போட்டு நெருக்கிக் காட்டலாம் என்று நான் சொன்னேன். பேராசிரியை ஏற்கவில்லை. கணக்கு சரியாக இருந்தாலும், 168-ஐப் பார்வையாளர் கண்ணில் காட்டாத படம் ஓசோனைப் பற்றிப் பேசத் தகுதியற்றது என்றார். அவர் சொன்னதே நின்றது. இடத்துக்காக ஐந்து கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதைக் கைவிட்டு, மாதத்துக்கு ஒரு கட்டமாக மேலிருந்து கீழாக அடுக்கினோம். அதோடு நிறங்களுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. எல்லாக் கட்டங்களும் ஒரே சாம்பல்.

பூஜ்ய ஓரத்துக்கு பவுண்ட்ஸ் என்ற தேர்வைப் பயன்படுத்தினோம். எல்லை பூஜ்யம் என்று சொல்லிவிட்டால், அதைத் தாண்டி வழியும் பகுதியைக் கண்ணாடியில் போல மடித்து உள்ளே சேர்த்துவிடும். மே மாதத்துக்கு இது முக்கியம். 1, 4, 6, 7, 8 என்று பூஜ்யத்தை ஒட்டிய மதிப்புகள் அங்கேதான் அதிகம்.

பட்டை அகலத்தில்தான் நெடுநேரம் விவாதம். மாதத்துக்கு ஒன்று என்று தானாக எடுக்க விட்டால் மே மாதத்துக்குச் சுமார் 7.2, ஆகஸ்டுக்கு 18.6. ஆகஸ்டை அகலத் தூரிகையாலும் மேயை மெல்லிய தூரிகையாலும் வரைந்துவிட்டு இரண்டின் வடிவத்தையும் ஒப்பிடச் சொல்வது நியாயமில்லை என்பது பேராசிரியையின் வாதம். ஆர் மொழியின் இயல்புநிலையையே வைத்துக்கொள்வோம் என்பது என் முதல் எண்ணம். ஆனால் அந்தக் கட்டளையின் உதவிப் பக்கமே, அது பழைய வழக்கத்தையும் ஒத்திசைவையும் கருதி வைக்கப்பட்டிருக்கிறது, பொதுப் பரிந்துரையாக அல்ல என்று சொல்கிறது. பட்டை அகலத்தைத் தேர ஷீதரும் ஜோன்ஸும் 1991-இல் தந்த முறை பொருத்தமாக இருக்கும் என்றும் குறிப்பிடுகிறது. என் வாதத்துக்குப் பலம் இல்லை. 116 மதிப்புகளிலிருந்தும் சேர்ந்து வந்த 11.5-ஐ எல்லா மாதங்களுக்கும் பொதுவாக வைத்தோம். இந்த அகலத்தில் ஆகஸ்டின் இரண்டாவது மேடு லேசாகத் தெரிகிறது. 168 தனியாக ஒரு சிறு திட்டாகவும் நிற்கிறது. மறைக்கவில்லை. பட்டை அகலம் எவ்வளவு, 18.6 ஆக்கினால் மேடு மறையும் என்பது, நாட்கள் 26 என்பது மூன்றும் படத்தின் அடியிலேயே எழுதப்பட்டன. ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் நாளுக்கு ஒரு சிறு கோடு போட்டோம். வளைகோட்டை நம்பாதவர் கோடுகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் மாதத்தை ஆராய்ந்தபோது இன்னொரு விஷயம் வெளிவந்தது. அதை நாங்கள் யாரும் தேடவில்லை. ஜூனில் ஓசோன் பதிவான நாட்கள் ஒன்பதே ஒன்பது, அவையும் 7-ஆம் தேதியிலிருந்து 20-ஆம் தேதிக்குள். மாதத்தின் முதல் ஆறு நாட்களும் கடைசிப் பத்து நாட்களும் முழுக்கக் காலி. ஆனால் அடர்த்தி வரைபடத்தில் ஒவ்வொரு கோட்டின் கீழும் பரப்பளவு ஒன்றுதான். எனவே ஒன்பது நாள் ஜூனும் 29 நாள் செப்டம்பரும் ஒரே கனத்தோடு நின்றன. உயரத்தை எண்ணிக்கையால் பெருக்கி வரையலாமா என்று மாணவி கேட்டார். செய்து பார்த்தோம். ஜூன் குட்டையானது, ஆனால் கோடு என்று ஒன்று இருக்கும்வரை அதற்கு ஒரு வடிவம் இருப்பதாகவே பட்டது. கடைசியில் ஜூன் கட்டத்தில் வளைகோடே போடவில்லை. ஒன்பது புள்ளிகள் மட்டும்.

பின்விளைவு

போஸ்டர் ஒரு நாள் தாமதமாக அச்சுக்குப் போனது. திருத்திய சுருக்கத்தைக் கருத்தரங்குக் குழு ஏற்றுக்கொண்டது. பார்க்க வந்தவர்கள் அதிகம் நின்றது ஜூன் கட்டத்தின் முன்னால்தான். ஏன் கோடு இல்லை என்று கேட்டவர்களுக்கு மாணவி பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

வாட்ஸ்அப்பில் பகிர்ந்த நிரல் கோப்புதான் அதிகக் கவலை தந்தது. அதே வரியை அப்படியே எடுத்து இளைய மாணவர் ஒருவர் இரைச்சல் அளவீடுகளுக்குப் பயன்படுத்தியிருந்தார். அவருடைய எல்லைக்கு வெளியேயும் சில மதிப்புகள் விழுந்திருந்தன. அவருக்கு வந்த எச்சரிக்கையைப் பற்றிக் கேட்டபோது, "அது விடுபட்ட மதிப்புதான்னு அக்கா சொன்னாங்க" என்றார். அந்த அக்காவுக்குச் சொன்னவன் நான். இருவரும் உட்கார்ந்து அவருடைய படங்களைத் திரும்ப வரைந்தோம்.

மாற்றிக்கொண்டவை

ஆய்வகத்தில் இப்போது விடுபட்ட மதிப்புகளைப் படம் வரையும் முன்பே நிரலில் ஒதுக்கிவிடுகிறோம். எத்தனை ஒதுக்கினோம் என்ற எண்ணையும் அச்சிடுகிறோம். அதற்குப் பிறகு படத்தின் கீழ் எச்சரிக்கை எதுவும் வரக்கூடாது. வந்தால், அது எத்தனை சிறிய எண்ணாக இருந்தாலும், காரணம் தெரியும் வரை படம் யாருக்கும் போகாது. எச்சரிக்கைகளை மொத்தமாக அடக்கி வைக்கும் தேர்வை யாரும் தொடுவதில்லை.

சராசரிக் கோடும் வளைகோடும் ஒரே தரவுப் பொருளிலிருந்து வர வேண்டும் என்று முதலில் எழுதி வைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். இரண்டும் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டதால்தான் முரண்பாடு வெளியே தெரிந்தது. இரண்டும் வெட்டிய தரவிலிருந்தே வந்திருந்தால் ஆகஸ்டின் கோடு 47-இல் அமைதியாக நின்றிருக்கும், பேராசிரியைக்குக் கேட்க எதுவும் இருந்திருக்காது. இப்போது சராசரியை வேண்டுமென்றே வேறு வழியில், மூலக் கோப்பிலிருந்து கணக்கிட்டுப் படத்தின் மேல் வைத்துப் பார்க்கிறோம்.

மாணவியின் சொந்தக் காற்றுத் தர அளவீடுகள் கருத்தரங்குக்குப் பிறகு வந்து சேர்ந்தன. முதல் படத்தை வரைவதற்கு முன்பு, மாதவாரியாக எத்தனை நாட்கள் பதிவாகியிருக்கின்றன என்ற அட்டவணையைத்தான் அவர் என்னிடம் கொண்டுவந்தார்.